விருது மேடையில் கெச்சுவா

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைக் கண்டதும் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றித்தான். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அதை இன்னொரு மொழியில் சொல்லிக்கொண்டு போனால் மூளை குழம்பாதா என்கிறீர்கள். குழம்பும். பிறகு பழகிவிடும். சைக்கிள் ஓட்டுகிறவரை மறித்து, எப்படி விழாமல் போகிறீர்கள் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. ஆகவே வேகத்தை உங்கள் பயிற்சி வகுப்புகளுக்கே விட்டுவிடுகிறேன். சொல் நாக்கு நுனியில் தயாராக நிற்கும்போது அதைச் சொல்லலாமா கூடாதா என்று முடிவெடுக்க வேண்டி வந்த ஒரு மாலையைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நான் மன்னாரில் பிறந்தவள், லண்டனின் லூயிஷாமில் வயதானவள். லண்டனுக்கு வந்த புதிதில் அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை பார்த்தேன். கூட வேலை செய்தவர்கள் எல்லாம் கொலம்பியா, எக்குவடோர் பெண்கள். விடியப்புறத்தில் வெறும் கட்டடத்துக்குள் அவர்கள் அடிக்கிற பகிடிக்கு நான் மட்டும் சிரிக்காமல் நிற்பது பெரிய அவமானமாக இருந்தது. அந்த ரோசத்தில் படித்ததுதான் ஸ்பானிஷ். ஆங்கிலம் ஒழுங்காக வந்தது அதற்குப் பிறகு. ஆஸ்பத்திரிகளிலும் கவுன்சில் அலுவலகங்களிலும் தெரிந்தவர்களுக்காக மொழிபெயர்த்துச் சொல்லத் தொடங்கி, படித்துப் பட்டயம் வாங்கி, நாற்பது வயதுக்கு மேல் மாநாட்டு உரைபெயர்ப்பாளர் ஆனேன். என்னோடு பல வருடம் உரைபெயர்ப்புப் பூத்தில் இருந்தவள் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து வந்தவள். வயதில் என்னைவிடச் சிறியவள், தொழிலில் எவ்வளவோ மூத்தவள். "உன்னுடைய ஸ்பானிஷ் பொகோட்டா, ஆங்கிலம் லூயிஷாம், இரண்டையும் பேசுகிற வாய் மட்டும் மன்னார்" என்று என்னைச் சீண்டுவாள். இந்தத் தொழிலில் நான் யாரையாவது அண்ணாந்து பார்த்திருக்கிறேன் என்றால் அது அவளைத்தான்.

பிரித்தானியத் திரையரங்குகளில் ஓடிய ஸ்பானிய மொழிப் படங்களுக்கு லண்டனில் வருடாவருடம் கொடுக்கப்படும் தேசிய விருது ஒன்று உண்டு. எங்கள் இரண்டு பேருக்கும் மிகப் பிடித்த வேலை அதுதான். மாநாடுகளில் மீன்பிடி ஒதுக்கீடும் காப்புறுதி விதிகளும் பேசிக் காய்ந்துபோன வாய்க்கு அந்த மாலை ஒரு விருந்து. மெக்சிகோக்காரர்களும் ஆர்ஜென்டீனாக்காரர்களும் ஸ்பெயின்காரர்களும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்கள். உள்ளே போய் உட்காருங்கள் என்று ஆங்கிலேயப் பணியாளர்கள் கெஞ்சிக்கொண்டு திரிவார்கள். விருது வாங்குகிறவர்கள் தாய்க்கும் நன்றி சொல்வார்கள், முதல் காதலனுக்கும் நன்றி சொல்வார்கள், படப்பிடிப்பில் சோறு போட்டவரைப் பெயர் சொல்லி எழுப்பி நிற்கவைத்துக் கைதட்டச் சொல்வார்கள். அது எதுவும் நேரத்துக்குள் அடங்காது. அந்தத் தாராளத்தை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

அங்கே எங்கள் வேலை மேடையில் பேசப்படும் ஸ்பானிஷை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்வது. மண்டபத்தில் ஒவ்வொரு கதிரையிலும் ஒரு ஹெட்போன் தொங்கும். ஆங்கிலம் வேண்டியவர்கள் மாட்டிக்கொள்வார்கள், ஸ்பானிஷ்காரர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். நேரடி ஒளிபரப்புச் செய்கிற தொலைக்காட்சிக்கும் எங்கள் குரல்தான் போகும். பால்கனியின் பின்சுவரோடு ஒட்டிய ஒரு கண்ணாடிக் கூண்டுதான் பூத். அதற்குள் போகுமுன் நான் வளையல்களைக் கழற்றிக் கைப்பைக்குள் வைப்பேன், தாலிக்கொடியைச் சட்டைக்குள் விடுவேன். மேசையில் அவை தட்டுகிற சத்தம் ஆயிரம் காதுகளுக்குப் போகும் என்று முதல் நாளே கலீசியாக்காரி சொல்லித் தந்திருந்தாள்.

பூத்தின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பேசுகிறவர் "நான்" என்றால் நீங்களும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "தனக்கு மகிழ்ச்சி என்று அவர் சொல்கிறார்" என்று இழுக்கக் கூடாது. நீங்கள் உங்களுக்காகவே ஏதாவது சொல்ல வேண்டி வந்தால், "உரைபெயர்ப்பாளர்" என்று உங்களையே மூன்றாம் ஆளாகச் சொல்ல வேண்டும். கேட்கிறவருக்கு யாருடைய பேச்சு எது என்று சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. பரிந்துரைக்கப்பட்ட எல்லாரிடமும், வென்றால் பேசப்போகும் உரையை முன்னரே வாங்கி எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தோற்றுப்போவார்கள். பேசப்படாத நன்றியுரைகள் எத்தனையோ எனக்கு மனப்பாடம்.

அந்த வருடம் சிறந்த நடிகைக்கான பட்டியலில் ஆண்டிஸ் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த அம்மா ஒருவர் இருந்தார். அதற்கு முன் நடித்தே இராதவர். சந்தையில் உருளைக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தவரை ஓர் இளம் இயக்குநர் கண்டு, கேட்டு, அவர் மறுக்க, திரும்பத் திரும்பக் கேட்டு நடிக்கவைத்திருந்தார். தண்ணீர் இல்லாத ஊரில் மலையடிவாரத்திலிருந்து குடத்தில் நீர் சுமந்து வருகிற பெண்ணின் கதை அது. படத்தில் அவர் பேசுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் ஸ்பானிஷ். முகத்தாலேயே முழுப் படத்தையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார். வேலைக்காகப் படத்தைப் பார்க்க உட்கார்ந்த நான், குறிப்பு எடுக்க மறந்து அழுதுகொண்டிருந்தேன்.

அவருடைய உரையும் எங்களுக்கு வந்திருந்தது. படத்தை வெளியிட்ட நிறுவனத்தில் யாரோ எழுதிய ஒழுங்கான ஸ்பானிஷ். நடுவில் ஒரு பத்தி. இந்தப் படத்தைப் பார்த்த நல்லவர்கள் உதவியதால் எங்கள் ஊருக்கு இப்போது தண்ணீர் வந்துவிட்டது, உங்கள் அனைவருக்கும் என் ஊர் நன்றி சொல்கிறது என்று அதில் இருந்தது. அவர் வென்றால், அந்தத் தண்ணீரைப் பற்றி அறிவிப்பாளரும் இரண்டு வரி சொல்வதாக ஏற்பாடு. ஒரு படம் ஒரு ஊரின் தாகத்தைத் தீர்த்தது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது. எனக்கும் பிடித்திருந்தது.

பிற்பகல் ஒத்திகைக்குப் போனோம். கலீசியாக்காரிக்கு ஒரு வழக்கம் உண்டு. உரை எவ்வளவு தெளிவாகக் கையில் இருந்தாலும், பேசப்போகிறவரைப் போய்ப் பார்த்து இரண்டு வார்த்தை கதைக்காமல் பூத்துக்குள் ஏற மாட்டாள். பெரிய நட்சத்திரங்களின் உதவியாளர்கள் முகம் சுளிப்பார்கள். அவள் கவலைப்பட மாட்டாள். தாளை வாசித்தால் தாள் என்ன சொல்கிறது என்றுதான் தெரியும், ஆளைத் தெரியாது என்பாள்.

அந்த அம்மா முன்வரிசைக் கதிரையின் நுனியில், சால்வையும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா மகள், தலைநகரில் படிக்கிற பிள்ளை, துணைக்கு வந்திருந்தாள். பயணம் எப்படி என்று ஸ்பானிஷில் கேட்டோம். நல்லது என்றார். சாப்பாடு? நல்லது, நன்றி. குளிர்? நல்லது. பிறகு அக்கா மகளிடம் திரும்பித் தங்கள் மொழியில், கெச்சுவாவில், என்னவோ சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்னவென்று கேட்டோம். மேடையில் அந்த ஆட்கள் காலையிலிருந்து ஒரே பூச்சாடியைக் கொண்டுபோவதும் கொண்டுவருவதுமாக இருக்கிறார்களே, அதை எங்கே வைப்பது என்று யாராவது அவர்களுக்குச் சொல்லக் கூடாதா என்று சின்னம்மா கேட்கிறார் என்றாள் பிள்ளை. நாங்களும் சிரித்தோம். கலீசியாக்காரி அந்தப் பிள்ளையிடம் இன்றைக்கு எங்கே உட்காரப்போகிறாய் என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள். மூன்றாம் வரிசை, நடைபாதை ஓரம் என்றாள் அவள்.

படியேறும்போது கலீசியாக்காரி என்னிடம் சொன்னாள். ஸ்பானிஷ் அந்த அம்மாவுக்கு விருந்தினர் அறை, அவர் குடியிருப்பது வேறு அறையில். தன்னுடைய அம்மாவும் அப்படித்தான், டாக்டரிடம் ஸ்பானிஷிலும் அடுப்பிடம் கலீசிய மொழியிலும் பேசுவார் என்றாள். பிறகு நேரே நிகழ்ச்சித் தயாரிப்பாளரிடம் போனாள். இந்த அம்மா மேடையில் கெச்சுவாவில் பேசக்கூடும், அந்த மொழிக்கு ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னாள். அவர் ஆங்கிலேயர், பண்பானவர், அன்றைக்கு ஆயிரம் வேலை அவருக்கு. உரை ஸ்பானிஷில் வந்திருக்கிறது, விருதும் ஸ்பானிய மொழிப் படங்களுக்கானது, ஒத்திகையிலும் அவர் ஸ்பானிஷில்தான் வாசித்தார், கவலை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்பானிஷ் படத்தில் நடித்தவர் ஸ்பானிஷ் பேசுவார் என்று நினைப்பது இயல்புதானே. நம் ஆட்களைப் பார்த்து, சிலோன் என்றால் சிங்களம்தானே பேசுவீர்கள் என்று கேட்கிறவர்களும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை.

மாலை விழா தொடங்கியது. நாங்கள் இருவரும் மாறி மாறிப் பேசுவோம். சிறந்த நடிகை விருது வந்தபோது மைக் என் முன்னால் இருந்தது. அந்த அம்மாவின் பெயரை வாசித்தார்கள். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. பட்டியலில் இருந்த மற்ற நால்வரும், பெரிய பெரிய நடிகைகள், தோற்ற முகத்தை மறைக்கச் செய்கிற நடிப்பு எதுவும் இல்லாமல் உண்மையாகவே கைதட்டினார்கள். அவர் அவசரப்படாமல் படியேறினார். சிலையை ஒரு கையில் வாங்கினார். மறு கையில் தாள்.

முதல் வரிகளை ஸ்பானிஷில் வாசித்தார். மாலை வணக்கம், இந்த மரியாதைக்கு நன்றி, இயக்குநர் எனக்கு மகன் மாதிரி. நானும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்தது தண்ணீர்ப் பத்தி. அவர் தாளைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தாளைக் கொஞ்சம் தாழ்த்தினார். பிறகு பேசினார். நான் கேட்டது ஸ்பானிஷ் இல்லை.

அந்த நொடியில் எனக்கு முன்னால் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அடுத்த பத்தி என் கண்ணுக்கு நேரே மேசையில் இருந்தது. அதன் ஆங்கிலம் நாக்கில் இருந்தது. மண்டபத்தில் கெச்சுவா தெரிந்தவர்கள் அவரும் அந்தப் பிள்ளையும் மட்டுமாகத்தான் இருக்க வேண்டும். அவர் உதடு அசைகிறது, நான் வாசித்தால் பொருந்திவிடும். காதுக்குள் தயாரிப்பாளரின் குரலும் வந்துவிட்டது. உங்களிடம் உரை இருக்கிறது, வாசியுங்கள், நிறுத்தாதீர்கள் என்றார். அவர் நிலையில் அது நியாயம். நேரடி ஒளிபரப்பில் குரல் நின்றால் பார்க்கிறவர்கள் கருவி பழுதென்று சேனலை மாற்றிவிடுவார்கள். அதோடு, அவர் அந்த உரையையேதான் தன் மொழியில் சொல்கிறாரோ என்னவோ. இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியாது. நான் "எங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டது" என்று சொன்னால் அதில் இருக்கிற "எங்கள்" அவருடையது. தெரியாத ஒன்றை அவருடைய வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னேன்: "விருது பெற்றவர் இப்போது கெச்சுவா மொழியில் பேசுகிறார். உரைபெயர்ப்பாளருக்கு அந்த மொழி தெரியாது. தயவுசெய்து அவரையே கேளுங்கள்." சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன்.

பக்கத்தில் திரும்பினால் கதிரை காலி. மேசைக்குக் கீழே கலீசியாக்காரியின் குதிக்கால் சப்பாத்துகள் மட்டும் கிடந்தன. கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், வெறுங்காலோடு, கால்வரை நீண்ட பட்டுச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் கீழே நடைபாதையில் ஓடிக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் வரிசை என்று அந்தப் பிள்ளை சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கீழே இன்னொன்றும் நடந்தது. ஹெட்போனில் ஆங்கிலம் கேட்டுக்கொண்டு, நிகழ்ச்சிப் புத்தகத்தையும் கைப்பேசியையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலையை நிமிர்த்தினார்கள். காதுக்குள் எதுவும் வராதபோது கண் மேடைக்குத்தான் போகும். ஸ்பானிஷ்காரர்களும் இது நம் மொழி இல்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மண்டபம் அப்படியே அவரைப் பார்த்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தார். பிறகு தாளை மேடை மேசைமேல் வைத்து, அதன்மேல் சிலையை வைத்தார். இரண்டு கையும் வெறுங்கையான பிறகு மறுபடி பேசத் தொடங்கினார்.

என் ஹெட்போனில் தமிழ் கேட்டது. அந்த விழாவுக்கு ஒலி மேசையைப் பார்த்துக்கொண்டவன் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிற யாழ்ப்பாணத்துத் தம்பி. பூத்துக்கும் அவனுக்கும் தனி லைன் உண்டு. மற்றவர்களுக்கு விளங்கக் கூடாத விஷயம் என்றால் நாங்கள் அதில் தமிழுக்கு மாறிவிடுவோம். பெரும்பாலும் அது தேநீரோடு வருகிற சாண்ட்விச்சைப் பற்றிய வசையாக இருக்கும். அன்றைக்கு அவன் குரல் அப்படி இல்லை.

"அக்கா, தயாரிப்பாளர் மியூசிக்கை ஏத்திப்போட்டு அவவை இறக்கச் சொல்லுறார். அவ என்ன கதைக்கிறா எண்டு உங்களுக்கு விளங்குதோ?"

"இல்லைத் தம்பி. எனக்கும் விளங்கேல்லை."

"அப்ப ஏத்தட்டோ?"

"ஏத்தாதை. எங்களுக்கு விளங்கேல்லை எண்டதுக்காக அவவின்ரை வாயைப் பொத்தேலாது. கீழ எங்கடை ஆள் அந்தப் பிள்ளையிட்டைப் போயிட்டா. அவைக்கு ஒரு மைக் குடுக்கச் சொல்லு. அந்தச் சத்தத்தை எனக்கு மட்டும் விடு."

அவனுக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், அடுத்த வருட ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. எனக்கு இது எல்லாம் தெரிந்தும்தான் கேட்டேன்.

"ஓம் அக்கா. ஏத்தமாட்டன்" என்றான்.

பூத்திலிருந்து இப்போது ஆங்கிலம் வரும், கொஞ்சம் பொறுங்கள் என்று அவன் தயாரிப்பாளருக்குச் சொன்னதாகப் பிறகு அறிந்தேன். வருமா வராதா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மேடையோரம் நின்ற பணியாளர் ஒருவர் கையிலிருந்த மைக்கை எடுத்துக்கொண்டு மூன்றாம் வரிசைக்கு ஓடினார். கலீசியாக்காரி அந்தப் பிள்ளையின் காலடியில் முழந்தாளிட்டிருந்தாள். என் காதில் முதலில் மூச்சிரைக்கும் சத்தம். பிறகு அந்தப் பிள்ளையின் குரல் ஸ்பானிஷில், பயத்தோடு கேட்டது: "சின்னம்மா சொல்வதை அப்படியே சொல்லட்டுமா?"

"அப்படியே. ஒரு சொல்லும் குறைக்காமல்" என்றாள் கலீசியாக்காரி.

அந்த அம்மா தாளை வைத்துவிட்டுச் சொன்னது முதல், கெச்சுவாவில் வந்ததை அந்தப் பிள்ளை ஸ்பானிஷில் சொன்னாள். நான் மைக்கைத் திறந்து அதை ஆங்கிலத்தில் சொன்னேன். இப்படித்தான் போனது அந்தப் பேச்சு.

"இந்தத் தாளில் எங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று இருக்கிறது. எழுதியவர்கள் நல்லவர்கள். அவர்களுக்கு யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். குழாய் வந்தது. குழாய் போட வந்தவர்களுக்கு நாங்கள் கோழி அடித்துச் சமைத்துப் போட்டோம். தண்ணீர் இன்னும் வரவில்லை. படத்தில் நான் குடம் சுமந்து மலையேறுவதைப் பார்த்து, எப்படி நடித்தாய், யார் சொல்லித் தந்தார்கள் என்று கேட்கிறீர்கள். விமானம் ஏற வந்த நாளிலும் சுமந்துவிட்டுத்தான் வந்தேன். இப்போது என் தங்கை சுமக்கிறாள்."

கீழே நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டிராத ஒரு காட்சி. இத்தனை வருடமாக ஹெட்போனைத் தொடாத ஸ்பானிஷ்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதிரையில் தொங்கியதை எடுத்துக் காதில் மாட்டினார்கள். வெள்ளை முடியோடு ஓர் ஆர்ஜென்டீன இயக்குநர் அதை எப்படிப் போடுவது என்று தெரியாமல் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் இருந்த ஆங்கிலேயப் பெண் சரிசெய்துவிட்டார். ஸ்பானிய மொழி விழாவில் ஸ்பானிஷ்காரர்கள் மன்னார் ஆங்கிலத்தில் விளங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தொடர்ந்தேன்.

"உங்களில் யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. இந்தப் படத்தில் வேலை செய்த நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் சிரித்த நாட்கள். நீங்கள் தந்த இந்தச் சிலை நல்ல கனம். ஆனாலும் குடத்தளவு இல்லை. இதை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவேன். குழாய்க்குத் தண்ணீர் விட வேண்டியவர்கள் யாரோ, அவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், எங்கள் ஊர்ப் பெயரை இன்னொரு தரம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

ஊர்ப் பெயரைச் சொன்னார். அதற்கு உரைபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து எழுந்தது. தலையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த இளம் இயக்குநர்தான் முதலில் எழுந்து நின்றார். கேமரா அவர்மேல் இருந்தது. அவர் கண்ணைத் துடைக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அறிவிப்பாளர் தன் கையிலிருந்த அட்டையை ஒரு தரம் பார்த்து, சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அடுத்த விருதுக்குப் போனார்.

இடைவேளையில் தயாரிப்பாளர் பூத்துக்கு வந்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் கலீசியாக்காரியின் கதிரையில் உட்கார்ந்து, மேசையில் கிடந்த உரையை எடுத்தார். வரிகளுக்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்த ஆங்கிலக் குறிப்புகளோடு அந்தத் தண்ணீர்ப் பத்தியை வாசித்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். வாசிக்கச் சொன்னது நான்தான் என்றார். பிறகு கலீசியாக்காரி சொன்னதைப் பிற்பகலே கேட்டிருக்க வேண்டும் என்று, வாசலில் நின்ற அவளிடமே சொன்னார். தவறை ஒப்புக்கொள்வது எல்லாருக்கும் வராது. அடுத்த வருடத்திலிருந்து விருந்தினர்களுக்கு அவருடைய குழு அனுப்புகிற கேள்விகளில் வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்பதும் சேர்ந்தது. ஒலி மேசைத் தம்பியின் ஒப்பந்தமும் கையெழுத்தானது. இன்றைக்கும் அவன்தான் பார்க்கிறான்.

உங்களில் சிலர் இதைக் கேட்டுவிட்டு, அக்கா, நீங்கள் அவருடைய பேச்சைக் காப்பாற்றினீர்கள் என்கிறீர்கள். நான் செய்தது குறைவு. ஓடியவள் கலீசியாக்காரி. பிற்பகலே போய் அந்த அம்மாவோடு சிரித்து, ஆளைத் தெரிந்து, பிள்ளை இருக்கும் இடத்தையும் கேட்டு வைத்தவள் அவள். மியூசிக்கை ஏற்றாமல் இருந்தது தம்பி. பயந்துகொண்டே அப்படியே சொன்னது அந்தப் பிள்ளை. நான் தெரியாது என்று மட்டும் சொன்னேன். வெகுநாள் வரை அதை அந்த மாலையில் விழுந்த ஓட்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருப்பேன், விழா முடிந்து அந்த அம்மா பூத்துக்கு ஏறி வந்திராவிட்டால்.

சிலையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பால்கனிப் படிகளில் ஏறி வந்தார். பின்னால் அக்கா மகள். தன்னுடைய குரலாகப் பேசியது யார் என்று பார்க்க வேண்டுமாம். நான் வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து வளையல்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்று ஸ்பானிஷில் சொன்னார். பிறகு தன் மொழிக்கு மாறி ஒரு கேள்வி கேட்டார். பிள்ளையின் மைக் வருவதற்கு முன்னால், எல்லாரும் திடீரென்று தலையைத் தூக்கிப் பார்த்தார்களே, அப்போது நான் அவர்களுக்கு என்ன சொன்னேன் என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நீங்கள் பேசுவது எனக்கு விளங்கவில்லை, உங்களையே கேட்கும்படி சொன்னேன் என்றேன். பிள்ளை அதை அவருக்குச் சொன்னாள். அவர் சிரித்தார், பூச்சாடியைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. பிறகு சொன்னதைப் பிள்ளை எனக்கு ஸ்பானிஷில் சொன்னாள். உங்களுக்கு அதைத் தமிழில் தருகிறேன்.

"முதலில் என் அம்மாவுக்கு வணக்கம் மட்டும்தான் சொன்னேன். அதைச் சொல்லிவிட்டு, தாளில் இருந்ததையே வாசித்து இறங்கிவிடுவோம், கூட்டிவந்தவர்கள் மனம் நோகக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேர் முகத்துக்கு நேரே எனக்குப் பொய் சொல்ல வரவில்லை."